“அவர் நம்ம ஆளா, ஹஜ்ரத்?”



2022-ஆம் ஆண்டு சித்ரா பௌர்ணமி ஏப்ரல் 16-ஆம் நாள், சனிக்கிழமை வந்தது. அன்று நமக்கு ரமழானின் பதினான்காம் நோன்பு. முந்தைய நாள் மதுரையில் மீனாட்சியம்மன் தேரோட்டம், கிறித்தவச் சகோதரர்களுக்குப் புனித வெள்ளி, நமக்கு ஜும்ஆ. கொரோனா காரணமாக இரண்டு ஆண்டுகள் பொதுமக்கள் இன்றி நடந்த சித்திரைத் திருவிழா அந்த ஆண்டுதான் மீண்டும் மக்கள் வெள்ளத்தோடு நடைபெற்றது. அந்த வார இறுதியில் சமயநல்லூரில் நமக்கு ஏற்பட்ட ஒரு சோதனையையும் அதிலிருந்து கற்றுக்கொண்டதையும் எழுத வேண்டும் என்று நெடுநாள்களாக எண்ணியிருந்தோம்.

சமயநல்லூர் மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் சாலையில் உள்ள ஊர். அருகில் தேனூர் இருக்கிறது. கள்ளழகர் வைகையில் இறங்கும் விழா முற்காலத்தில் தேனூரில்தான் நடந்தது என்றும், 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் காலத்தில்தான் அது மதுரை நகருக்கு மாற்றப்பட்டது என்றும் இப்பகுதி மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். இன்றும் வண்டியூர்ப் பக்கம் வைகையாற்றில் அழகர் மண்டூக முனிவருக்குச் சாபம் தீர்க்கும் மண்டபத்திற்குத் தேனூர் மண்டபம் என்றே பெயர். ஊர் மாறினாலும் பெயர் மாறவில்லை. ஆகவே சித்திரை வந்தால் இங்குள்ளவர்களுக்கு, “இது முதலில் எங்கள் ஊர் விழா” என்ற பெருமிதம் தானாக வந்துவிடும்.

அந்தப் பெருமிதத்தில்தான் இப்பகுதியின் ஆசிரியர்கள், முன்னாள் மாணவர்கள் சிலர் ஒன்றுகூடி ஒரு மரபுக் குழுவாகச் செயல்பட்டு வந்தனர். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர். வெள்ளி, சனி இரு நாள்களும் சாலையோரத்தில் நீர்மோர்ப் பந்தல் அமைப்பது, பந்தலின் உள்ளே இடைக்கால மதுரையின் வரலாற்றை விளக்கும் படப்பலகைகள் வைப்பது, மாலையில் சிறுவர்களைக் கொண்டு சிறு நாடகக் காட்சிகள் நடத்துவது என்று அவர்கள் திட்டமிட்டிருந்தனர். பிற்காலப் பாண்டியர், மாலிக் காஃபூர், மதுரை சுல்தான்கள், விஜயநகரம், நாயக்கர் என்று வரிசையாகக் காட்சிகள்.

ஆசிரியர் ஐயா நம்மைத் தேடி வந்தார். “அஜரத், உங்க மதரஸா பிள்ளைகளும் வரணும். ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் இருக்கும்போது அவங்க மட்டும் ஒதுங்கி நிக்கக் கூடாது” என்றார். அந்த அழைப்பில் கள்ளம் ஏதும் இல்லை.

நாம் முதலில் மார்க்கத்தின் வரம்பைத் தெளிவாகக் கூறினோம். வழிபாட்டில் நம் பிள்ளைகள் பங்கேற்க மாட்டார்கள். தீபாராதனை வேளையில் விலகி நிற்பார்கள். தொழுகை நேரங்களில் பள்ளிவாசலுக்கு வந்துவிடுவார்கள். மோர் ஊற்றுவதில் தடை இல்லை. ரமழான் பகலில் நோன்பில்லாதவருக்கு உணவளிப்பது குறித்து ஃபிக்ஹு நூல்களில் கருத்து வேறுபாடு உண்டு என்பதை அறிவோம். ஆயினும் சித்திரை வெயிலில் நடந்து வரும் வழிப்போக்கரின் தாகம் தீர்ப்பது தர்மமே என்ற பக்கமே நம் மனம் சாய்ந்தது. தர்மங்களில் சிறந்தது எது என்று ஸஅத் இப்னு உபாதா (ரலி) அவர்கள் கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் தண்ணீர் என்றே விடை பகர்ந்தார்கள். நம்மோடு போரிடாத மக்களுக்கு நன்மை செய்வதையும் அவர்களிடம் நீதியோடு நடப்பதையும் அல்லாஹ் தடுக்கவில்லை என்று திருக்குர்ஆன் (60:8) கூறுகிறது. ஐயா நம் நிபந்தனைகள் அனைத்தையும் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார். பன்னிரண்டு பிள்ளைகளை அனுப்புவதாக ஒப்புக்கொண்டோம்.

சோதனை அதன் பின்னர்தான் வந்தது.

புதன்கிழமை அஸருக்குப் பின் ஓத வந்த பிள்ளைகள் கிதாபைத் திறக்கும் முன்பே குதூகலத்தோடு பேசத் தொடங்கினர். ஒருவன் மாலிக் காஃபூர். ஒருவன் சுல்தான். மற்றவர்கள் சுல்தானின் படைவீரர்கள். எல்லோருக்கும் மரவாள் உண்டு, தலைப்பாகை உண்டு. முஸ்லிம் மன்னர் வேடமும் முஸ்லிம் வீரர் வேடமும் முஸ்லிம் பிள்ளைகளுக்கு என்று குழுவினர் இயல்பாகவே பிரித்துவிட்டனர். பிள்ளைகளுக்கும் அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. வாள் கிடைக்கிறதே!

ஆனால் பதினொரு வயது மாணவன் ஒருவன் மட்டும் பேசாமல் அமர்ந்திருந்தான். படப்பலகைகளுக்கு எழுத்து ஒட்டும் வேலையில் உதவச் சென்று அதில் இருந்ததைப் படித்துவிட்டிருந்தான். ஓதி முடித்து மற்றவர்கள் எழுந்த பின் நம்மிடம் வந்து கேட்டான்: “ஹஜ்ரத், அந்த சுல்தான் சின்னப் பிள்ளைகளைக்கூடக் கொன்னாராமே. அவர் நம்ம ஆளா, ஹஜ்ரத்?”

என்ன சொல்வது என்று நமக்குத் தெரியவில்லை. “அதெல்லாம் பழைய கதை, வீட்டுக்குப் போ” என்று அனுப்பிவிட்டோம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஓதிக்கொடுக்கும் நாம் ஒரு குழந்தையின் கேள்விக்குத் தந்த விடை அது. அல்லாஹ் மன்னிப்பானாக!

அன்றிரவு தராவீஹ் முடிந்ததும் இரண்டு பெற்றோர் நம்மைச் சந்தித்தனர். ஒரு மாணவனின் அத்தா கோபமாகவே பேசினார். ஊரெல்லாம் கூடும் இடத்தில் நம் பிள்ளைகளைக் கொள்ளைக்காரர்களாக நிறுத்தினால், நாளை பள்ளிக்கூடத்தில் அவர்களை எப்படி அழைப்பார்கள் என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. காலம் எப்படிப்பட்டது என்பதை நாம் அனைவரும் அறிவோம். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் உருவிய வாளுக்கு இன்று மிதிவண்டியில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளை பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

மறுநாள் காலை நாம் ஐயாவின் இல்லத்திற்குச் சென்றோம். போகும் வழியெல்லாம் வாதங்களைத் திரட்டிக்கொண்டு போனோம். மதுரை சுல்தான்கள் பற்றிய பலகை, கங்காதேவி இயற்றிய ‘மதுரா விஜயம்’ என்ற வடமொழிக் காவியத்தை ஒட்டி எழுதப்பட்டிருந்தது. கங்காதேவி, சுல்தானை வென்ற விஜயநகர இளவரசர் குமார கம்பணரின் மனைவி. வென்றவரின் மனைவி பாடிய காவியத்தில் தோற்றவர் நல்லவராகவா இருப்பார்? காவியத்தில் மிகை இருக்கும். அதை வரலாறாகக் காட்டலாகாது. அந்தப் பலகையையே எடுத்துவிடுங்கள் என்று கூறினோம்.

ஐயா வாதிடவில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “உங்க மனசு நோகும்னா வேண்டாம் அஜரத். 1311-க்கு அடுத்து நேரா நாயக்கர் காலத்துக்குப் போயிடுறோம்” என்றார்.

நாம் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் வெளியே வந்தபோது மகிழ்ச்சி இல்லை. ஆசிரியராக முப்பது ஆண்டுகள் வரலாறு நடத்திய ஒருவர், நம் மனம் நோகக் கூடாது என்பதற்காக, தமக்குத் தெரிந்த உண்மை ஒன்றைச் சுருட்டி வைக்க இசைந்திருக்கிறார். அது உண்மையல்ல என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நாம் அதைத் தாங்கமாட்டோம் என்றே அவர் எண்ணியிருக்கிறார். அந்த எண்ணம் நம்மை உறுத்தியது.

அன்றிரவு தராவீஹுக்குப் பின் உறக்கம் வரவில்லை. அரபுக் கல்லூரியில் ஓதிய காலத்தில் வாங்கிய இப்னு பதூதாவின் பயண நூல் அலமாரியில் இருந்தது. ‘ரிஹ்லா’ என்று சுருக்கமாக வழங்கப்படும் நூல். அரபு நடைக்காக அதில் சில பகுதிகளை அந்நாளில் படித்திருந்தோம். மஅபர் நாட்டைப் பற்றிய பகுதியை முழுமையாகப் படித்ததில்லை. மஅபர் என்பது நம் சோழ, பாண்டிய மண்டலக் கரைக்கு அரபியர் இட்ட பெயர். கங்காதேவியின் மிகையை மறுக்க நம்மவர் ஒருவரின் சாட்சியம் அதில் கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு திறந்தோம்.

வரலாற்றுப் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1311-இல் மாலிக் காஃபூர் மதுரை வரை வந்து கொள்ளையிட்டுத் திரும்பினார். பின்னர் இப்பகுதி டில்லியின் ஆளுகைக்குள் வந்தது. டில்லியின் ஆளுநராக இங்கிருந்த ஜலாலுத்தீன் அஹ்ஸன் கான் 1335-ஐ ஒட்டித் தம்மைத் தனி சுல்தானாக அறிவித்துக்கொண்டார். அதிலிருந்து 1378 வரை ஏறத்தாழ 43 ஆண்டுகள் மதுரையில் சுல்தான்கள் இருந்தனர். அவர்களுள் ஒருவர் கியாஸுத்தீன் தாமகானி. இப்னு பதூதா மாலத்தீவிலிருந்து இலங்கை வழியாக 1344-ஐ ஒட்டி இக்கரைக்கு வந்து சேர்ந்தது இவரது காலத்தில்தான். இருவரும் அந்நியர் அல்லர். அஹ்ஸன் கானின் ஒரு மகளை இப்னு பதூதாவும் மற்றொரு மகளை கியாஸுத்தீனும் மணந்திருந்தனர். நம் ஊர் வழக்கில் சொன்னால் சகலைகள். தமது சகலையைப் பற்றி ஒருவர் எழுதியதை நாம் படிக்கப்போகிறோம்.

அவர் எழுதியிருப்பது இது. சுல்தானின் படை காட்டுவழியே செல்லும்போது, பிடிபட்டவர்களின் தோளிலேயே இருமுனையும் கூராக்கிய மரக்கழுக்களைச் சுமத்தி நடத்திச் செல்வார்கள். இரவு முகாமைச் சுற்றி மரவேலி அமைத்து நான்கு வாயில் வைப்பார்கள். விடிந்ததும் அந்தக் கைதிகளை நான்கு பிரிவாக்கி, அவரவர் சுமந்து வந்த கழுவிலேயே வாயில்கள்தோறும் ஏற்றுவார்கள். அவர்களுடைய மனைவி மக்களும் அங்கேயே கொல்லப்படுவார்கள். இது மிக இழிவான செயல் என்றும், வேறெந்த அரசரும் இப்படிச் செய்ததாகத் தாம் அறிந்ததில்லை என்றும், இதன் காரணமாகவே அல்லாஹ் அந்த சுல்தானின் முடிவை விரைவுபடுத்தினான் என்றும் இப்னு பதூதா எழுதுகிறார்.

இன்னொரு காட்சி. சுல்தான் உணவருந்திக்கொண்டிருக்கிறார். வலப்புறம் காழி, இடப்புறம் இப்னு பதூதா. கைதி ஒருவரை அவருடைய மனைவியோடும் ஏழு வயது மகனோடும் கொண்டுவருகின்றனர். சுல்தான் கையசைத்து மூவரையும் வெட்டச் செய்கிறார். இப்னு பதூதா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மற்றொரு நாள் அதேபோல ஒருவரைக் கொண்டுவந்தபோது அவர் அவசரமாக எழுந்தார். எங்கே செல்கிறீர் என்று சுல்தான் கேட்க, அஸர் தொழ என்றார். சுல்தான் புரிந்துகொண்டு சிரித்தார். தொழுதுவிட்டுத் திரும்பியபோது அந்த மனிதர் இரத்தத்தில் கிடந்தார்.

ஹொய்சள மன்னர் மூன்றாம் வல்லாளர் எண்பது வயது முதியவர். போரில் சிறைப்பட்ட அவரைக் கொன்று, தோலை உரித்து, வைக்கோல் அடைத்து மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டிருந்தனர். அதைத் தம் கண்ணால் கண்டதாகவும் இப்னு பதூதா பதிவு செய்கிறார்.

நாம் நூலை மூடினோம். ஐயாவின் பலகையில் இருந்ததைவிடக் கொடியது நம் அலமாரியிலேயே, நமது மொழியில், நமது காழி ஒருவரின் சொல்லாக இருந்தது. இதைப் பகைவர் எவரும் எழுதவில்லை. டில்லியிலும் மாலத்தீவிலும் காழியாக அமர்ந்து தீர்ப்புச் சொன்ன ஒரு முஸ்லிம் எழுதியிருக்கிறார். கங்காதேவியைப் பொய்யாக்கச் சென்ற நாம், அன்று காலை ஐயாவிடம் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் நினைத்து வெட்கினோம்.

ஈமான் கொண்டோர் நீதியில் நிலைத்து நின்று அல்லாஹ்வுக்காகச் சாட்சி பகர வேண்டும், அது தமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராக இருப்பினும் சரியே என்று திருக்குர்ஆன் (4:135) கட்டளையிடுகிறது. எத்தனையோ முறை இவ்வசனத்தை ஓதிக்கொடுத்திருக்கிறோம். நீதிமன்றம், வட்டி, சொத்துப் பாகப்பிரிவினை என்று உதாரணம் சொல்லியிருக்கிறோம். வரலாற்றுப் பலகையின் முன் நிற்கும்போதும் அது நம்மீது கடமை என்று ஒரு நாளும் எண்ணியதில்லை. தம் சகலைக்கு எதிராகச் சாட்சி சொன்ன இப்னு பதூதா இவ்வசனத்திற்கு ஓர் உதாரணம்.

அவரும் குறையற்றவர் அல்லர். அந்த சுல்தானின் முன்னிலையில் அவர் வாய் திறந்து கண்டிக்கவில்லை. அதே சுல்தானோடு சேர்ந்து மாலத்தீவின்மீது படையெடுக்கவும் திட்டமிட்டவர் அவர். தீமையைக் கண்டால் கையால் தடுக்கட்டும், இயலாவிடில் நாவால், அதுவும் இயலாவிடில் உள்ளத்தால் வெறுக்கட்டும், அது ஈமானின் பலவீனமான நிலை என்ற ஹதீஸை நாம் அறிவோம். விருந்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டது அந்தப் பலவீனமான நிலை. ஆனால் தாயகம் திரும்பி, 1355-இல் தம் பயணத்தைச் சொல்லி எழுதுவித்தபோது, அவர் நாவின் நிலைக்கு உயர்ந்தார். சொல்லாமல் விட்டிருந்தால் அந்த ஏழு வயதுக் குழந்தை உலகத்தில் வாழ்ந்ததே இன்று எவருக்கும் தெரிந்திருக்காது.

ஸஹர் நேரம் வரை மற்ற நூல்களையும் புரட்டினோம். பலகையில் இல்லாத வேறு உண்மைகளும் இருந்தன. அந்த வல்லாள மன்னரின் படையில் சுமார் இருபதாயிரம் முஸ்லிம்கள் இருந்ததாக அதே இப்னு பதூதா கூறுகிறார். அவர்களை அவர் உயர்வாகச் சொல்லவில்லை. ஓடிவந்த அடிமைகள், குற்றவாளிகள் என்கிறார். ஆயினும் சுல்தானை எதிர்த்தும் முஸ்லிம்கள் நின்றிருக்கின்றனர். மாலிக் காஃபூர் வந்தபோது பாண்டியர் படையிலும் முஸ்லிம்கள் இருந்ததை அமீர் குஸ்ரு எழுதியுள்ளார். அதற்கும் முன்னே, சுந்தர பாண்டியரின் அவையில் தகியுத்தீன் என்ற முஸ்லிம் அமைச்சராக இருந்ததையும், அவருடைய சகோதரர் ஜமாலுத்தீன் பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவிலிருந்து ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்ததையும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் பதிந்துள்ளார். மதுரை காஜிமார் பெரிய பள்ளிவாசல், காஜி சையிது தாஜுத்தீன் அவர்களுக்குப் பாண்டிய மன்னர் அளித்த நிலத்தில் எழுந்தது என்பது அப்பள்ளியின் மரபு வரலாறு. கோரிப்பாளையம் தர்காவின் கல்வெட்டோ, 1573-இல் வீரப்ப நாயக்கர் அதன் பழைய மானியத்தை உறுதி செய்ததைச் சொல்கிறது.

ஆக, அக்காலத்து மதுரையில் ஒருபுறம் முஸ்லிம், மறுபுறம் இந்து என்று கோடு கிழித்து நின்றவர்கள் இல்லை. இருபுறமும் இரு சமயத்தவரும் இருந்தனர். நாம் மதுரை மண்ணில் வேரூன்றியது அந்த 43 ஆண்டு வாளால் அன்று; அதற்கு முன்பே குதிரை வணிகராலும் காழிகளாலும் வேரூன்றிவிட்டோம். சுல்தானகம் வீழ்ந்த பின்னரும் நாம் இங்கே இருந்தோம், நாயக்க மன்னர்கள் நம் மானியங்களைக் காத்தனர். அப்படியிருக்க, கியாஸுத்தீனுக்கு வக்கீலாக நிற்க வேண்டிய தேவை நமக்கு என்ன?

வெள்ளிக்கிழமை ஃபஜ்ர் முடிந்ததும் மீண்டும் ஐயாவின் வீட்டிற்குச் சென்றோம். அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். “பலகையை எடுக்க வேண்டாம் ஐயா” என்றோம். அவருக்குப் புரியவில்லை. நூலைக் காட்டி, அரபியிலிருந்து வாய்மொழியாகப் பெயர்த்துச் சொன்னோம். கேட்டு முடித்ததும் சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. பின்னர் அவர் உள்ளே சென்று ஒரு வெள்ளை அட்டையும் பேனாவும் கொண்டுவந்து நம் முன் வைத்தார்.

இரண்டே கோரிக்கைகள் வைத்தோம். ஒன்று, கங்காதேவியின் பெயருக்குக் கீழே இப்னு பதூதாவின் சாட்சியமும், அவர் ஒரு காழி என்பதும், எதிரணியில் இருந்த முஸ்லிம்களைப் பற்றிய செய்தியும், தகியுத்தீன் பற்றிய செய்தியும் இடம்பெற வேண்டும். மற்றொன்று, வேடங்களைப் பிள்ளைகளின் பெயரைப் பார்த்துப் பிரிக்கக் கூடாது. சீட்டுக் குலுக்கிப் போட வேண்டும். ஐயா இரண்டாவதைக் கேட்டதும் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். “எங்களுக்கு இது தோணவே இல்லை அஜரத்” என்றார். தோன்றாததுதான் உண்மை. அவர் மனத்தில் வஞ்சம் இருந்ததில்லை.

அன்று பகலிலேயே சீட்டுக் குலுக்கினார்கள். மாலிக் காஃபூர் வேடம் பக்கத்துத் தெருப் பால்காரர் மகனுக்கு விழுந்தது. வல்லாள மன்னர் வேடம் நம் மாணவனுக்கு வந்தது. சுல்தான் வேடம் எவருக்கும் வேண்டாம் என்று முடிவு செய்தோம். அதற்குப் பதிலாக ஒரு பிள்ளை இப்னு பதூதாவாக நின்று, அவர் கண்டதை ஒரு தாளில் இருந்து வாசிப்பது என்று ஏற்பாடாயிற்று. யார் வாசிப்பது என்றபோது, நம்மிடம் கேள்வி கேட்ட அந்தப் பதினொரு வயதுப் பிள்ளை கையை உயர்த்தினான்.

கோபத்தோடு வந்த அத்தா தம் மகனை அனுப்பவில்லை. நாம் நேரில் சென்று விளக்கியும் அவர் இசையவில்லை. “நீங்கள் உண்மை பேசுவீர்கள் ஹஜ்ரத், கேட்பவன் அதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு போவான்” என்றார். அவரது அச்சத்தைத் தவறென்று நம்மால் சொல்ல இயலவில்லை. இன்றும் சொல்ல இயலாது. ஜமாஅத்திலும் ஓரிருவர் இது வேண்டாத வேலை என்றனர்.

வெள்ளி மாலை நடைப்பயணிகள் சாரிசாரியாக வந்தனர். கருப்பசாமி வேடமிட்டவர்கள், தோல்பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சுவோர், குழந்தைகளைத் தோளில் சுமந்தோர் என்று சாலை நிறைந்தது. நம் பிள்ளைகள் உலர்ந்த உதடுகளோடு மோர் ஊற்றிக்கொண்டிருந்தனர். மூதாட்டி ஒருவர் குவளையை வாங்கியவர், “நீயும் ஒரு வாய் குடிப்பா, முகம் வாடியிருக்கே” என்று திருப்பி நீட்டினார். நோன்பு என்று பிள்ளை சொன்னதும், நீட்டிய கையை இழுத்துக்கொண்டு, தாமும் குடிக்காமல் சற்று தள்ளிப் போய் அவன் பார்வையில் படாத இடத்தில் நின்று குடித்தார். மார்க்க வகுப்பில் நாம் பல மணி நேரம் எடுத்துச் சொல்லும் கண்ணியத்தை அந்த அம்மையார் ஒரு நொடியில் செய்துகாட்டினார்.

மஃரிபுக்குச் சற்று முன் வாசிப்பு. அந்தப் பிள்ளை வெள்ளை ஜிப்பாவோடும் தலைப்பாகையோடும் நின்று, நாம் எழுதிக்கொடுத்த ஒரு பக்கத்தை வாசித்தான். ஏழு வயது மகன் என்ற இடம் வந்ததும் நின்றுவிட்டான். எழுத்து தெரியவில்லை போலும் என்று எண்ணினோம். அவன் தாளைப் பார்க்கவில்லை. கூட்டத்தின் முன்வரிசையில் தந்தையின் மடியில் இருந்த ஒரு சிறுவனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தானாகவே தொடர்ந்து வாசித்து முடித்தான். கைதட்டல் இல்லை. கூட்டத்தில் ஒருவர், “இதை எழுதினது முஸ்லிமா?” என்று கேட்டார். “ஆமாம், எங்க காழி” என்றான் அவன்.

பாங்கு சொல்லும் நேரம் நெருங்கியது. பள்ளிவாசலுக்குச் செல்ல நேரமில்லாத பிள்ளைகளுக்காகக் குழுவினர் ஒரு குடம் மோரைத் தனியாக மூடி வைத்திருந்தனர். பகலெல்லாம் நாம் ஊற்றிய அதே மோரை, அந்நேரம் அவர்கள் ஊற்றித் தர, பேரீச்சம்பழத்தோடு நோன்பு திறந்தோம்.

மறுநாள் சனிக்கிழமை அதிகாலை, மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கிய வேளையில் நெரிசலில் சிக்கி இருவர் உயிரிழந்தனர் என்ற செய்தி வந்தது. ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டார்கள். நாடகக் காட்சிகள் நடக்கவில்லை. பலகைகளும் மோர்க் குடங்களும் மட்டுமே இருந்தன. படித்தவர்கள் படித்துவிட்டு அமைதியாகச் சென்றனர். அவர்களுள் அந்தப் பலகையில் பாதியை மட்டும் மனத்தில் கொண்டு சென்றவரும் இருக்கலாம். அது நம் கையில் இல்லை. முழுமையாக எழுதி வைப்பது மட்டுமே நம் கையில் இருந்தது.

அன்று மாலை அந்த மாணவன் ஓத வந்தபோது, அவன் மீண்டும் கேட்கும் முன் நாமே விடை சொன்னோம். அநீதி இழைப்பவனாயினும் இழைக்கப்பட்டவனாயினும் உன் சகோதரனுக்கு உதவு என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். அநீதி இழைக்கப்பட்டவனுக்கு உதவலாம், இழைப்பவனுக்கு எப்படி உதவுவது என்று தோழர்கள் கேட்டனர். அநீதி செய்யாமல் அவன் கையைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்றார்கள். “அந்த சுல்தான் கலிமா சொன்னவர்தான். ஆகவே அவர் நம்மவர் இல்லை என்று சொல்லித் தப்பிக்க நமக்கு வழியில்லை. அவர் கையைத் தடுக்கும் காலம் போய்விட்டது. அவர் செய்தது சரி என்று சொல்லாமல் இருப்பதும், செய்ததைச் செய்ததாகவே சொல்வதும்தான் இன்று நம்மால் முடிந்த உதவி” என்றோம்.

அவன் சற்று யோசித்துவிட்டு, “அப்ப அந்தப் பையனும் நம்ம ஆள்தானே, ஹஜ்ரத்? ஏழு வயசுப் பையன்” என்றான்.

இம்முறை வீட்டிற்குப் போ என்று சொல்லவில்லை. ஆமாம் என்றோம்.

வல்ல ரஹ்மான் நம் நாவுகளை உண்மையின்மீது நிலைநிறுத்துவானாக! நம் பிள்ளைகளை முன்னோரின் பாவத்திலிருந்தும், அதை மறைக்கும் பாவத்திலிருந்தும், அதற்காக அவர்கள்மீது சுமத்தப்படும் பழியிலிருந்தும் காத்தருள்வானாக! நம் அண்டை அயலாரோடு நம்மை நீதியாலும் நன்மையாலும் இணைத்து வைப்பானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.